வலி என்னும் காவல்காரன்



ஆயர் ஈத்தாமிலும் சரி, தோட்டப்புறத்து லயங்களிலும் சரி, படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். நோயோடு நோயாக அவர்களை வாட்டுவது படுக்கைப்புண். அது ஏன் வருகிறது?

நாம் தூக்கத்திலும் புரண்டு படுக்கிறோம். உடம்பில் ஓரிடம் நெடுநேரம் அழுந்தினால் அங்கே இரத்த ஓட்டம் தடைப்படும். உடனே வலி நம்மைப் புரட்டிவிடும். வலி ஒரு காவல்காரன். அவன் வாயடைத்துப் போனாலோ, அவன் கூப்பிட்டும் புரள முடியாமல் போனாலோ, சதை செத்துப் புண்ணாகிறது.

இந்தக் காவல்காரனின் அருமையை உலகம் உணர்ந்தது தொழுநோயாளரால். ஆயர் ஈத்தாமுக்குத் தென்கிழக்கே, கடலில் உள்ள ஜெர்ஜாக் தீவில் 19-ஆம் நூற்றாண்டிலேயே அவர்களை ஒதுக்கி வைத்தார்கள். நோயே விரல்களை அழுக வைக்கிறது என்று அந்நாளில் பலரும் நம்பினர்.

அந்த நம்பிக்கையை மாற்றியவர்களில் முதன்மையானவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் தமிழகத்துக் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். நோய் நரம்பைக் கெடுக்கிறது. வலி தெரியாததால்தான் காயம் மேல் காயம் பட்டு விரல் போகிறது என்று அவர் கண்டார். இரவில் எலி கடித்தும் விழிக்காத நோயாளிகள் இருந்தார்கள். அதனால் வீடு திரும்புவோரிடம் ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள்!

இங்கிலாந்தில் 1944-ல் டாக்டர் குட்மன் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். இடுப்புக்குக் கீழே உணர்வற்ற அவர்களை இரண்டு மணிக்கு ஒரு முறை, இரவிலும் திருப்பிப் படுக்க வைத்தார். வலியின் வேலையைக் கடிகாரம் ஏற்றது.

1966-ல் அமெரிக்கா சென்ற பிராண்ட், அழுத்தம் மிகுந்தால் எச்சரிக்கும் கருவிகளைக் கையுறையில் பொருத்திப் பார்த்தார். முயற்சி பலிக்கவில்லை. வேலை முடியவேண்டும் என்ற அவசரத்தில் நோயாளிகளே கருவியை நிறுத்திவிட்டார்கள். உண்மையான வலியை அப்படி நிறுத்த முடியுமா?

இன்று நெஞ்சில் ஒட்டும் சிறு உணர்கருவி வந்திருக்கிறது. நோயாளி எந்தப் பக்கம், எவ்வளவு நேரமாகப் படுத்திருக்கிறார் என்பதை அது தாதியருக்குத் தெரிவிக்கும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 1,300-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். கருவியின் துணை இல்லாத பிரிவில் 15 பேருக்குப் புண் வந்தது. துணை இருந்த பிரிவில் 5 பேருக்கே வந்தது.

ஆனால் நேயர்களே, கருவி கூப்பிடத்தான் செய்யும். திருப்பிப் படுக்க வைப்பது மனிதக் கைதான். அந்தக் கை நம் வீட்டிலும் இருக்கிறது. எத்தனை மணிக்கு ஒரு முறை திருப்பவேண்டும் என்று மருத்துவரைக் கேட்டு, நேரத்தைத் தாளில் குறித்து வையுங்கள். இடுப்பு, பிட்டம், குதிகால் ஆகியவற்றை நாள்தோறும் பாருங்கள். அழுத்தியும் மறையாத சிவப்பு தெரிந்தால் அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், கிளினிக்கில் காட்டுங்கள். நம் கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடோ கடினமோ தெரிகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

பேச முடியாத பாட்டிக்கு நீங்கள்தான் காவல்காரன்.