தந்தையரின் போர்க்காலப் பெட்டிகள்

இரண்டாம் உலகப்போர் முடிந்து 80 ஆண்டுகள் கடந்துவிட்டன. அப்போரில் பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் பணியாற்றியோர் சுமார் 25 லட்சம் பேர். அவர்களுள் பெரும்பாலோர் இன்று நம்மிடையே இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற தகரப் பெட்டிகள் பிள்ளைகளின் வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளும் முதுமையடைந்துவிட்டனர். பெட்டி இப்போது மூன்றாம் தலைமுறையின் கைக்கு மாறுகிறது. சான்றுகள் மிகுதியாக அழிவது இந்தக் கைமாற்றத்தின்போதுதான்.

பெட்டியில் இருப்பவற்றைப் படிக்கத் தெரிந்தால் அவை பேசும். நிக்கல் கலந்த வட்டப் பதக்கத்தின் ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூடிய தலை, மறுபக்கம் இருதலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம் எனில், அது 1939-45 போர்ப் பதக்கம். பின்புறத்தில் இந்திய வரைபடம் இருந்தால் அது இந்தியப் பணிப் பதக்கம். ஆறு முனைகள் கொண்ட மஞ்சள் உலோக நட்சத்திரம் ஒருவர் எந்தப் போர்முனையில் நின்றார் என்பதையே சொல்லிவிடும். பர்மாவுக்கு ஒன்று, ஆப்பிரிக்காவுக்கு ஒன்று, இத்தாலிக்கு ஒன்று எனத் தனித்தனியே வழங்கினர். நட்சத்திரத்தின் வடிவம் ஒன்றே என்பதால் நாடாவின் நிறம்தான் பார்த்த மாத்திரத்தில் வேறுபாட்டைக் காட்டும். நாடா கந்தலாகிவிட்டதென்று கழற்றி எறிவோர் பாதிச் சான்றை எறிகின்றனர். பாட்டனார் காலத்து முதல் உலகப்போர்ப் பதக்கமோ வெள்ளியாலானது. அதன் விளிம்பில் பெற்றவரின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். வெள்ளி என்பதாலேயே உருக்கப்பட்டுப் போனவை பல.

தமிழ் முஸ்லிம்களின் வீடுகளில் வேறொரு வகைப் பெட்டியும் உண்டு. நம் கடற்கரை ஊர்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வாணிபத்துக்காகச் சென்றவர்கள் போரின் நடுவே சிக்கிக்கொண்டனர். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பின்னர் உருவான இந்திய தேசிய இராணுவத்தில் போர்க்கைதிகளோடு மலாயாவின் தமிழ்க் குடிமக்களும் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். அப்படையின் முழக்கமே ‘இத்திஹாத், இத்மாத், குர்பானி’ என்பதாகும். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள். 1943 அக்டோபர் 21 அன்று அறிவிக்கப்பட்ட ஆசாத் ஹிந்த் அரசின் ஆலோசகர்களுள் ஒருவர் தமிழ் முஸ்லிம் பத்திரிகையாளர் கரீம் கனி. அக்காலத்து மலாயாவின் வாழைமர நோட்டுகள் சில வீடுகளில் இன்றும் கிடைக்கின்றன. போர் முடிந்ததும் அவை வெற்றுக் காகிதமாயின. சேமிப்பையெல்லாம் அந்த நோட்டுகளாகவே வைத்திருந்த குடும்பங்களுக்கு நேர்ந்த இழப்பு அவற்றில் பதிந்திருக்கிறது.

இங்கேதான் நாம் நேர்மையாக நிற்க வேண்டியிருக்கிறது. ஷா நவாஸ் கான் பிரிட்டிஷ் படையின் அதிகாரியாக இருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர். அதற்காக 1945 இறுதியில் செங்கோட்டையில் விசாரிக்கப்பட்டவர். கேப்டன் மதீன் அகமது அன்சாரியோ ஹாங்காங்கில் ஜப்பானியரின் கைதியாக இருந்தபோது தமது விசுவாசத்தைத் துறக்க மறுத்து, 1943 அக்டோபர் 29 அன்று கொல்லப்பட்டார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. இருவரும் முஸ்லிம்கள், இருவரும் இந்தியர்கள். எதிரெதிர் முடிவுகளுக்காக இருவருமே பெரும் விலை கொடுத்தனர். நம் தந்தையர் இவ்விரு வழிகளில் எதில் சென்றிருப்பினும், இன்றைய அரசியலுக்குப் பொருந்தாத பகுதியைப் பெட்டியிலிருந்து அகற்ற நமக்கு உரிமையில்லை. பெற்றோர் விஷயத்திலும் சாட்சியத்தைத் திரிக்கலாகாது என்பது நாம் கற்ற பாடமல்லவா? மன்னரின் பதக்கத்தை வெட்கத்தோடு மறைப்பதும் சாதாரணச் சிப்பாயை நேதாஜியின் நெருங்கிய தோழராக்கிப் பேசுவதும் ஒரே தவறின் இரு வடிவங்களே.

அதிகாரம் படைத்தோர் நினைவுகளை அழித்த வரலாறும் உண்டு. இந்திய தேசிய இராணுவத்தில் உயிர்நீத்தோருக்காகச் சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தை, செப்டம்பரில் திரும்பிய பிரிட்டிஷார் தகர்த்தனர். கல் போன பின் எஞ்சுவது காகிதமே. 1972 ஆகஸ்ட் 15 முதல் மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியம் வழங்கத் தொடங்கியபோது, அந்தப் படையினரும் அதற்குத் தகுதி பெற்றனர். ஆனால் சிறையிருந்ததற்குச் சான்று வேண்டும். மங்கிய ஒரு விடுதலைச் சீட்டின் மதிப்பு அன்று ஒரு விதவைத் தாயின் மாதச் செலவாக இருந்தது.

பாதுகாக்கும் முறை எளிது, செலவும் குறைவு. பதக்கத்தைப் புளியோ பாலிஷோ கொண்டு தேய்த்தல் கூடாது. பழமையின் கருமை அதன் மேனியே. தேய்க்கத் தேய்க்க எழுத்து மழுங்கும். கடிதங்களை லேமினேஷன் செய்வது பாதுகாப்பன்று. ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க இயலாது. குண்டூசியும் ஸ்டேப்ளர் கம்பியும் நம் கடற்கரைக் காற்றில் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். அவற்றை முதலில் அகற்ற வேண்டும். இராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் அஞ்சி இரும்புப் பீரோவில் வைப்பவர்கள் மழைக்காலத்து ஈரத்தை மறந்துவிடுகின்றனர். வெயில் படாத, காற்றோட்டமுள்ள அலமாரியும் அமிலமற்ற தாள் உறையும் போதும். படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் ‘இடமிருந்து இரண்டாமவர் வாப்பா’ என்று எழுதிவிட வேண்டும். உம்மாவோ மூத்த மாமியோ உயிரோடிருக்கும்போதே அதைச் செய்வது நலம். பெயர் தெரியாத சீருடைப் படம் பழைய பொருள் கடைக்குத்தான் போகிறது.

சொத்துப் பிரிவினையின்போது ஆளுக்கொரு பதக்கம் என்று பங்கிடுவதை நாம் ஊர்தோறும் காண்கிறோம். பாகம் நியாயமானதுதான். ஆனால் நான்கு பதக்கங்களும் சம்பளப் புத்தகமும் சேர்ந்திருந்தால்தான் அது ஒரு மனிதரின் கதை. பொருள்களை ஒருவரிடம் அமானிதமாக ஒப்படைத்து, தெளிவாக எடுத்த படங்களை அனைவரும் வைத்துக்கொள்ளலாம். மூலங்கள் வீட்டிலேயே இருக்க, நகல்களை ஊர் நூலகத்துக்கோ மதரஸா நூலகத்துக்கோ வழங்கலாம். பெயரும் படை எண்ணும் தெரிந்தால், தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையத் தளத்தில் அந்தப் படையைப் பற்றிய கோப்புகளைத் தேடிப் பார்க்கலாம். போரில் மாண்டவராயின் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் அவர் எந்த மண்ணில் அடங்கியிருக்கிறார் என்பதை அறியலாம். உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவிடச் சுவர்களிலும் செதுக்கப்பட்டுள்ளன. அங்கே வேலைக்குச் சென்றிருக்கும் நம் பிள்ளைகள் ஒரு விடுமுறை நாளில் சென்று அப்பெயரைக் கண்டு, ஒரு துஆவும் ஓதி வரலாம்.