இறங்குமுகமா? மாரியப்பன் தங்கவேலுவின் உயரங்கள் குறித்து ஒரு மறுப்பு

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவின் பாராலிம்பிக் உயரம் தாண்டுதல் பயணத்தை இறங்குமுகமாகக் காண்பது வழக்கமாகிவிட்டது. 2016 ரியோவில் 1.89 மீட்டர், தங்கம். டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். எண்கள் சரி, அவற்றிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. பேருந்து ஏறி வலக்கால் சிதைந்த ஐந்து வயதுச் சிறுவன், காய்கறி விற்ற தாய் என்ற கதை எல்லோரும் அறிந்ததே. இங்கே பேச்சு உயரங்களைப் பற்றி மட்டும்.

இந்த வாசிப்பு பாராலிம்பிக் ஆண்டுகளை மட்டுமே கணக்கில் கொள்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளைச் சேர்த்தால் கோடு நேராக இறங்குவதில்லை. 2019 துபாய் உலகப் போட்டியில் 1.80, 2023 ஹாங்சோ ஆசியப் பாரா போட்டியிலும் 1.80, 2024 மே மாதம் கோபே உலகப் போட்டியில் 1.88, தங்கம். ரியோவுக்கு எட்டாண்டு கழித்து அவர் இழந்திருந்தது ஒரு சென்டிமீட்டர். ரியோ ஆண்டின் தொடக்கத்தில் துனிசியாவில் அவர் தாண்டியதோ 1.78 தான். எனவே விதிவிலக்கு ரியோவே என்பேன்.

அவருக்காக வாதிடுவோர் சிலர் உடற்குறைபாட்டு வகைப்பாட்டில் வந்த மாற்றத்தைக் காரணம் காட்டலாம். 2012 லண்டனில் கர்நாடகத்தின் கிரிஷா 1.74 தாண்டி வெள்ளி வென்ற போட்டியின் பெயர் எஃப்42, ரியோவில் டி42, டோக்கியோவில் டி63. ஆனால் டோக்கியோ முடிவுப் பட்டியலை உற்றுப் பார்க்க வேண்டும். தலைப்பு டி63, மாரியப்பனின் வகை டி42. 2018 முதல் முழங்காலுக்கு மேல் செயற்கைக் கால் பொருத்தித் தாண்டுவோர் டி63 ஆயினர். அது இல்லாதோர் டி42-இல் நீடித்தனர். உயரம் தாண்டுதலில் இரு வகையினரையும் ஒரே போட்டியில் சேர்த்துவிட்டார்கள். செயற்கைக் காலுடன் தாண்டும் அமெரிக்கர் சாம் குரூவே ரியோவிலும் களத்தில் இருந்தார், 1.86 தாண்டி வெள்ளி வென்றார். பலகை மாறியது, எதிராளி மாறவில்லை. இந்த வாதம் நிற்காது.

மாறியது போட்டியின் தரம். லண்டனில் தங்கத்துக்கே 1.74 போதுமானதாக இருந்தது. ரியோவில் 1.77-உடன் ஆறாவதாக வந்த பீகாரின் சரத் குமார் பாரிஸில் 1.88 தாண்டினார். அமெரிக்கர் எஸ்ரா ஃபிரெக் ரியோ நடந்தபோது பதினோரு வயதுப் பையன், பாரிஸில் 1.94. அதே ஃபிரெக்கைத்தான் மாரியப்பன் கோபேயில் வீழ்த்தினார்.

டோக்கியோவின் 1.86-ஐ மட்டும் தனியே பார்க்க வேண்டும். மழை பெய்தது. குறைபாடுள்ள வலக்காலில் அணிந்திருந்த காலுறை நனைந்துவிட்டதென அவரே சொன்னார். தங்கம் 1.88-க்குப் போனது. இரண்டு சென்டிமீட்டரை ஈரக் காலுறை தின்றதென நிறுவ வழியில்லை. ஆனால் ஓடிவரும்போது ஒன்றுவிட்ட ஒவ்வோர் அடியும் அந்தக் காலில்தான் விழுகிறது; இதைச் சாக்குப்போக்கு என்று தள்ளுவோர் தாண்டுகளத்தை ஈரத்தில் மிதித்ததில்லை.

கோபேயில் 1.88 தாண்டியவர் நான்கு மாதத்துக்குள் பாரிஸில் ஏன் 1.85-இல் நின்றார் என்பதற்கு என் வாதத்திலும் விடை இல்லை. கோபே உயரம் அன்று கைகூடியிருந்தாலும் தங்கம் ஃபிரெக்குக்கே. வெள்ளிக்கு மட்டும், யார் குறைந்த முயற்சியில் கடந்தார் என்று சரத் குமாரோடு எண்ணிப் பார்த்திருப்பார்கள்.