63.5 வாட்டில் தொடங்கிய கதை

கணினியின் வரலாற்றை எழுதுவோர் செயலியைப் பாடுவர், நினைவகத்தைப் பாடுவர். எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டியைப் பாடியவர் அரிது.

1977இல் வந்த ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் வடிவமைத்த மின்வழங்கியின் திறன் வெறும் 38 வாட். கனத்த மின்மாற்றிக்குப் பதிலாக, மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து இணைக்கும் முறையை அவர் கையாண்டார். எடையும் சூடும் குறைந்தன. 1981இல் ஐ.பி.எம். பி.சி. 63.5 வாட்டில் இயங்கியது. வன்வட்டோடு வந்த எக்ஸ்.டி.க்கு 1983இல் 130 வாட், மறு ஆண்டு ஏ.டி.க்கு 192 வாட் என எண் ஏறிக்கொண்டே போயிற்று.

ஆயினும் உண்மையான திருப்பம் இந்த எண்ணில் இல்லை என்பேன். அக்காலக் கணினிகள் பெரும்பாலும் 5 வோல்ட் தடத்திலிருந்தே மின்சாரத்தை உறிஞ்சின. பென்டியம் 4 வெளிவந்த 2000ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் புதிய வரையறை, செயலிக்கென்றே தனியாக ஒரு 12 வோல்ட் இணைப்பைச் சேர்த்தது. பாரம் 12 வோல்ட்டுக்கு இடம்பெயர்ந்தது. வாங்குவோரின் பார்வையோ மொத்த வாட்டிலேயே நின்றுவிட்டது. உறையில் '450 வாட்' என்று அச்சிட்ட மலிவுப் பெட்டியின் பக்கவாட்டுச் சீட்டைப் படியுங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே 15 ஆம்பியர் என்றிருந்தால் அங்கே கிடைப்பது 180 வாட்தான்!

எங்கள் நல்லூர் போன்ற பின்னலாடை ஊரில் இது வெறும் கணக்கன்று. துணி வெட்டுவதற்கான பேட்டர்னும் மார்க்கரும் கணினியில் உருவாகின்றன. சரக்கு ஏற்றும் நாளுக்கு முந்திய இரவில் அது தானே அணைந்து எழுந்தால், சேமிக்காத வேலையோடு கட்டிங் மேசையில் காத்திருப்போரின் கூலியும் போகும்.

65 வாட் செயலி, தாய்ப்பலகை, வட்டு, விசிறி எல்லாம் சேர்ந்தாலும் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலகக் கணினி 150 வாட்டைத் தாண்டுவது அபூர்வம். அதற்கு நேர்மையான 350 வாட் தாராளம். 200 வாட் கிராஃபிக்ஸ் கார்டு சேர்ந்தால் 550 முதல் 650 வரை போகலாம். கார்டுகள் கண்ணிமைப்பொழுதில் இருமடங்கு இழுப்பதும் உண்டு. 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 வரையறை இத்திடீர் இழுப்பைத் தாங்குமாறு விதித்தது. பெரிய பெட்டி வாங்கினால் மின்கட்டணம் பெருகும் என்னும் அச்சம் வீண். கணினி கேட்பதைத்தான் அது கொடுக்கும். 200 வாட் கொடுக்கையில் திறன் 80 விழுக்காடானால் சுவரிலிருந்து 250 வாட் இழுக்கும், மிச்சம் சூடாகும்.

1930களில் பைகாராவின் நீர்மின்சாரம் கோவை வட்டாரத்தை எட்டியது, ஆலைகள் பெருகின. 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழகத்தின் தேவை உற்பத்தியை விஞ்சி, மின்வெட்டு இவ்வூர்களை வாட்டியது. அன்று வீடுதோறும் நுழைந்த யு.பி.எஸ்.ஸில் எழுதியிருப்பது வாட் அன்று, வி.ஏ. '600 வி.ஏ.' என்றால் பொதுவாக 360 வாட் அளவே தாங்கும். ஆகவே கிராஃபிக்ஸ் கார்டு பூட்டிய கணினிக்கு மின்வழங்கியை மட்டும் மாற்றிவிட்டு, பழைய யு.பி.எஸ்.ஸோடு விட்டுவிடாதீர்கள், திரையின் 30 வாட்டையும் கூட்டிப் பார்த்தே வாங்குங்கள்.