ஒரு பிராங்கில் ஒரு காடு

கோடை விடுமுறை தொடங்கியதும் நம்மவர் குடும்பங்கள் சில எங்கடின் பள்ளத்தாக்கை நோக்கிப் புறப்படுவது இப்போது வழக்கமாகி வருகின்றது. முன்னர் நாம் அங்கு சென்றது வேறு காரணத்துக்காக. சென் மோறிட்ஸ், பொன்ரெசினா விடுதிகளின் சமையலறைகளிற் பாத்திரம் கழுவச் சென்றவர்களுக்கு மலை என்பது பின்கதவின் சாளரத்தூடாகத் தெரிந்த வெண்ணிறச் சுவர் மட்டுமே. இன்று அவர்களுடைய பிள்ளைகள் முதுகுப்பையுடன் அம்மலையில் ஏறுகின்றனர்.

சென்ற கோடையில் நாமும் பிள்ளைகள் பன்னிருவரையும் பெற்றோர் சிலரையும் அழைத்துக்கொண்டு, லாண்ட்குவார்ட்டிற் புகையிரதம் மாறி, வெரைனா சுரங்கத்தூடாகச் செர்னெற்ஸ் கிராமத்தைச் சென்றடைந்தோம். சுவிற்சர்லாந்தின் ஒரேயொரு தேசியப் பூங்கா அங்குதான் உண்டு. பரப்பு ஏறத்தாழ 170 சதுர கிலோமீற்றர். நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் விதிகள் உண்டு. பாதையை விட்டு விலகலாகாது. மஞ்சள் அடையாளமிட்ட இடங்களில் மட்டுமே அமரலாம். தீ மூட்டலாகாது. நாயைக் கயிற்றிற் கட்டியும் கொண்டுவரலாகாது. பூ மட்டுமன்றி, காய்ந்த கிளையையோ ஒரு கூழாங்கல்லையோ கூட எடுத்துச் செல்லலாகாது. அடுப்பு மூட்டிச் சோறாக்கும் எண்ணத்துடன் பானை சகிதம் வந்திருந்த ஒரு தாயாரைச் சமாதானப்படுத்துவதற்கே அரைமணி நேரம் சென்றது.

நிலத்திற் கிடந்த தேவதாருக் காயொன்றைக் கையிலெடுத்த சிறுமி ஒருத்தி, திரும்ப வைக்கும்படி சொன்னதும் நம்மை நிமிர்ந்து பார்த்து, "இந்தக் காடு ஆற்றை, மாஸ்ரர்?" என்று கேட்டாள். அன்று நாம் சொன்ன விடை அரைகுறையானது. மீதியை இங்கு எழுதுகின்றோம்.

அந்தக் காடு ஆதிமுதல் மனிதக் கை படாத கன்னிக்காடு அன்று. பூங்காவின் நடுவே உள்ள இடத்துக்கு இல் பூர்ன் என்று பெயர். ரொமான்ஷ் மொழியில் அதன் பொருள் உலை என்பதாகும். நடுக்காலத்திலிருந்து பல நூற்றாண்டுகளாக அங்கு இரும்பு உருக்கப்பட்டது; உலைக்கு வேண்டிய கரிக்காக மரங்கள் வீழ்த்தப்பட்டன. எஞ்சியவற்றையும் வெட்டி ஆற்றில் மிதக்கவிட்டு, இன் நதி வழியே ஒஸ்திரிய நாட்டின் ஹால் நகர உப்பளங்களுக்கு அனுப்பினார்கள். மேய்ச்சல் நிலங்களோ கோடைதோறும் இத்தாலியின் பெர்காமோ இடையர்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. மலையாடு கிறவுபூண்டன் மாநிலத்திலிருந்து முற்றாக அழிந்துபோயிற்று. சுவிற்சர்லாந்தின் கடைசிக் கரடி 1904ஆம் ஆண்டு எங்கடினின் கிளைப் பள்ளத்தாக்கான எஸ்-கார்லிற் சுட்டுக் கொல்லப்பட்டது. ஆகவே பூங்கா அமைத்தவர்கள் காத்தது ஒரு செல்வத்தை அன்று. பெரும்பாலும் சூறையாடப்பட்ட ஒரு மிச்சத்தை.

இம்முயற்சிக்கு முன்னின்றவர் பாசல் நகரத்துச் செல்வக் குடும்பமொன்றிற் பிறந்த பவுல் சராசின் (1856–1929). தாவரவியலாளர் கார்ல் ஷ்ரோட்டர், மத்திய அரசின் முதுபெரும் வன அதிகாரி யோகான் கோவாட்ஸ் ஆகியோர் உடன் நின்றனர். நமக்கு மிகவும் பிடித்தவர் நான்காமவர்: ஸ்டைவன் புரூனியஸ். எங்கடின் மண்ணிற் பிறந்து, பாசலில் ஆசிரியராகத் தொழில் பார்த்தவர். எந்தப் பள்ளத்தாக்கு இதற்குப் பொருத்தமானது என்று கால்நடையாகத் திரிந்து அறிந்தவரும், ஊராரிடம் அவர்களுடைய ரொமான்ஷ் மொழியிலேயே பேசக்கூடியவரும் அவரே. ஆசிரியத் தொழிலின் பெருமையை நாமே சொல்லிக்கொள்வது அழகன்று. எனினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1909இற் செர்னெற்ஸ் கிராமசபை குளுவோட்சா என்ற பள்ளத்தாக்கை 25 ஆண்டுகளுக்குக் குத்தகைக்குக் கொடுக்க உடன்பட்டது. குத்தகைப் பணத்துக்கு எங்கே போவது? அதே ஆண்டில் சுவிஸ் இயற்கைப் பாதுகாப்புக் கழகம் என்ற அமைப்பை நிறுவினார்கள். ஆண்டுச் சந்தா ஒரு பிராங். இருபது பிராங் கொடுத்தால் ஆயுட்கால உறுப்புரிமை. செல்வர் சிலரின் நன்கொடையை நம்பாமல், நாடெங்கும் ஆயிரக்கணக்கானோரிடம் ஒவ்வொரு பிராங்காகத் திரட்டினார்கள். சனசமூக நிலையங்களும் பாடசாலைக் கட்டடங்களும் ஊராரின் சிறுகாசிலே எழுந்ததைக் கண்ட நமக்கு இம்முறை புதியதன்று. பின்னர் 1914ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நாடாளுமன்றம் ஒப்புதல் வழங்கியது. ஓகஸ்ட் முதலாம் நாள் பூங்கா பிறந்தது. அதே நாளில் ஜேர்மனி ரஷ்யாமீது போர் தொடுத்தது. ஐரோப்பா எரியத் தொடங்கியது. அக்கழகம் 1997 முதல் புரோ நத்தூரா என்ற பெயருடன் இயங்கி வருகின்றது.

இனி நம்மவர் பலரும் அறியாத பகுதிக்கு வருவோம். பவுல் சராசின் இயற்கையைக் கற்ற இடங்களுள் முதன்மையானது நமது இலங்கைத் தீவு. உறவினரான பிரிட்ஸ் சராசினுடன் 1883இல் அங்கு சென்று 1886 வரை தங்கியிருந்தார். ஈரமண்ணுக்குள் வாழும் காலற்ற உயிரினமொன்று தன் முட்டைகளைச் சுற்றி வளைந்து கிடந்து காப்பதை அவ்விருவரும் நுணுகி ஆராய்ந்தனர். உயிரியலாளர் அதனை இன்றும் மதிக்கின்றனர். ஆனால் அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. கிழக்குக் காடுகளில் வாழ்ந்த வேடர்களைத் தேடிச் சென்றனர். அவர்களை அளந்தனர், படம் பிடித்தனர். மண்டையோடுகளையும் எலும்புக்கூடுகளையும் சேகரித்துப் பாசலுக்கு அனுப்பினர். வேடர்களை மனித இனத்தின் அடிப்படியில் நிற்போராக வகைப்படுத்திப் பெருநூல் வெளியிட்டனர்.

அக்காலத்து ஐரோப்பிய அறிஞர் பலரும் அவ்வாறே எண்ணினர் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆயினும் சராசின் அந்த எண்ணத்தை இயற்கைப் பாதுகாப்புக்குள்ளும் கொண்டுவந்தார். 1913 நவம்பரிற் பேர்ண் நகரில் 17 நாடுகளின் பிரதிநிதிகள் கூடிய மாநாட்டுக்கு அவரே மூலகாரணர். உலகளாவிய இயற்கைப் பாதுகாப்பு என்ற பேச்சு அங்குதான் உருப்பெற்றது. திமிங்கிலங்களையும் பறவைகளையும் காக்க வேண்டும் என்று வாதாடிய அதே மனிதர், அழிந்துவரும் பழங்குடி மக்களையும் இயற்கையின் ஒரு பகுதியாகவே கருதிக் காக்க வேண்டும் என்றார். அந்த மக்கள் அழிந்துவிடலாகாது என்ற கவலை அவரிடம் உண்மையாகவே இருந்தது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் காக்கப்பட வேண்டியவரின் சம்மதம் கேட்கப்பட வேண்டும் என்ற எண்ணம் அதில் இல்லை.

செர்னெற்ஸ் கிராமத்தவரிடம் கேட்கப்பட்டது. அவர்களுடைய நிலம் வாடகைக்கு எடுக்கப்பட்டது, ஒப்பந்தம் எழுதப்பட்டது, பணம் கொடுக்கப்பட்டது. தொண்ணூறு ஆண்டு கழித்தும் அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருந்தது. 2000ஆம் ஆண்டிற் பூங்காவைச் சுற்றிப் புதிய வலயமொன்றைச் சேர்க்கும் திட்டம் வந்தபோது செர்னெற்ஸ் மக்கள் கூடி வாக்களித்து அதை நிராகரித்தனர். திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் அயற்கிராமமான லவின் தன் மக்கூன் ஏரிகளை மனமுவந்து பூங்காவுக்குக் கொடுத்தது. ஒன்று மறுத்தது, மற்றொன்று இசைந்தது, இரண்டும் மதிக்கப்பட்டன.

இலங்கையில் நடந்தது வேறு. மகாவலித் திட்டத்தின் நீர்த்தேக்கங்களுக்கு நீர் வரும் காடுகளைக் காப்பதற்கென மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. ஆண்டு 1983. சராசின்கள் வந்திறங்கிச் சரியாக நூறாண்டு. அந்த ஆண்டு நமக்கு எதன் பொருட்டு நினைவில் நிற்கின்றது என்பதை இங்கு எழுத வேண்டியதில்லை. நம் வீடுகள் எரிந்த அதே ஆண்டின் நவம்பரில், தம்பானைப் பகுதி வேடர்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழ்ந்த காடு அவர்களுக்கு விலக்கப்பட்ட காடாயிற்று. பல குடும்பங்கள் குடியேற்றக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டன. தலைவர் திசாகாமி போக மறுத்துவிட்டார். 1998இல் மறையும்வரை தம் ஊரிலேயே வாழ்ந்தார். நம் துயரத்தின் மும்முரத்தில் நாமும் அவர்களை நினைத்துப் பார்க்கவில்லை. வாகரைப் பக்கத்திலே தமிழ் பேசி வாழும் கரையோர வேடர்களையே நாம் எத்தனை பாடங்களிற் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம் என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கின்றது. சுண்டிக்குளத்துக்கு மாணவரை அழைத்துச் சென்று பூநாரைகளைக் காட்டினோம். அந்த நீர்ப்பரப்பில் வலை வீசும் மக்களைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதாக நினைவில்லை.

சுவிஸ் நாட்டிலும் எல்லாம் இனிதே முடிந்தது என்று எவரும் எண்ணவேண்டாம். பூங்காவின் ஊடாக ஓடும் ஸ்பொல் ஆற்றை மின்சாரத்துக்காகத் திருப்ப 1958இல் நாடு தழுவிய வாக்கெடுப்பு நடந்தது, மின்சாரமே வென்றது. அணை கட்டப்பட்டு ஆறு மெலிந்தது. 2000ஆம் ஆண்டில் அணையிலிருந்து செயற்கை வெள்ளம் திறந்துவிட்டு ஆற்றின் அடித்தளத்தைக் கழுவத் தொடங்கினார்கள்.

மேல் எங்கடினின் சில்ஸ் ஏரிக்கும் அத்தகைய ஆபத்து வந்ததுண்டு. அந்த ஏரியை மின்திட்டத்திலிருந்து மீட்பதற்காக 1946இற் பொன்னிறத் தாள் சுற்றிய சொக்கிலேற் நாணயங்களைப் பாடசாலைப் பிள்ளைகள் வீதி வீதியாக விற்றனர். போர் முடிந்து ஓராண்டு; சொக்கிலேற் இன்னும் பங்கீட்டில் இருந்த காலம். ஏரி பிழைத்தது. நம் பிள்ளைகள் பெட்டியுடன் வந்து, "அப்பா, ஐந்து பிராங்" என்று கதவடியில் நின்றபோது, இது என்ன புதுத் தண்டல் என்று முணுமுணுத்தவர்கள் நம்முள் உண்டு. ஷொக்கித்தாலர் என்ற அந்த நாணயத்தின் பிறப்பு அந்த ஏரிக்கரையிலே.

மலையாட்டின் கதையையும் சொல்லியாக வேண்டும். இங்கு அழிந்த ஷ்டைன்பொக் இத்தாலியில் அரசரின் வேட்டைக்காட்டில் மட்டும் எஞ்சியிருந்தது. அரசர் விற்க மறுத்தார். எனவே 1906இற் குட்டிகளைக் களவாக எல்லை கடத்திச் சென்காலனுக்குக் கொண்டுவந்தனர். கடவுச்சீட்டு இல்லை, விசா இல்லை; ஏஜென்சி மட்டும் இருந்தது! அவற்றின் வழிவந்த ஆடுகள் 1920இற் பூங்காவிலே விடப்பட்டன. இன்று அவை கிறவுபூண்டனின் கொடியிலுள்ள விலங்குக்குரிய பெருமிதத்துடன் பாறைமேல் நிற்கின்றன. தாடிக் கழுகு 1991 முதல் விடப்பட்டது. நம்மிற் பலர் வதிவிட அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருந்த ஆண்டு அது. கரடியோ எவரிடமும் கேளாமல் 2005இல் இத்தாலியிலிருந்து தானே நடந்து வந்தது.

மற்றொன்று, நிறுவியவர்கள் எதிர்பாராதது. மேய்ச்சல் நின்றால் வெளிகளைக் காடு விரைவில் மூடிவிடும் என்று எண்ணினார்கள். 1917 முதல் புல்வெளிகளிற் சதுரங்களைக் குறித்து, முளைப்பதையெல்லாம் தலைமுறை தலைமுறையாக எண்ணி வருகின்றார்கள். காடு விரைந்து வரவில்லை. மாடுகளின் இடத்துக்கு மான்கள் வந்து மேய்ந்தன. விழுந்த மரத்தை எவரும் அகற்றுவதில்லை. அது தன் காலத்தில் மக்கித் தன்மேலேயே புதிய நாற்றை வளர்க்கின்றது. அந்தச் சிறுமியின் கையிலிருந்த காயும் அந்தக் கணக்கில் ஒன்றே.

அவள் அதை எடுத்த இடத்திலேயே வைத்தாள். சற்று மேலே, மஞ்சள் அடையாளமிட்ட புல்திட்டில் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். வழியே இறங்கி வந்த முதியவர் ஒருவர் அவ்வூர் வழக்கப்படி "அலேக்ரா" என்று வணக்கம் கூறி, எங்கிருந்து வருகின்றீர்கள் என்று பிள்ளைகளிடம் வினவினார். சிலர் சூரிச் என்றனர். ஒருவன் யாழ்ப்பாணம் என்றான். சிறுமி மட்டும் விடை சொல்லாது, இந்தக் காடு யாருடையது என்று அவரிடமும் ஜேர்மன் மொழியிற் கேட்டாள். செர்னெற்ஸ் ஊருடையது, நாங்கள் வாடகைக்குக் கொடுத்திருக்கின்றோம் என்று சொல்லிவிட்டு, அவர் தம் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கீழே நடந்தார்.