அரக்கர் பட்டியலிலிருந்து ஓர்க் நீங்கிய வரலாறு

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அமெரிக்காவில் ஒரு தடித்த நூல் வெளிவந்தது. 500 இற்கும் மேற்பட்ட அரக்கர்களையும் பேய்களையும் விலங்குகளையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் பலம், அறிவு, ஆயுதம், கொல்லும் வழி ஆகியவற்றை எண்களில் தருகின்ற நூல் அது. ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டுக்குரிய அரக்கர் கையேட்டின் புதிய பதிப்பு. அதில் ‘ஓர்க்’ என்றொரு தலைப்பு இல்லை. ஐம்பது ஆண்டுகளாக ஆட்டக்காரரின் வாளுக்கு இரையாகி வந்த அந்த இனம், அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னர் வெளியான ஆட்டக்காரர் கையேட்டில் மனிதரோடு சம வரிசையில் இடம்பிடித்திருந்தது.

கொல்லப்படுவோரின் நூலிலிருந்து, ஆடுவோரின் நூலுக்கு ஓர் இனம் இடம்மாறிய கதை இது. சிறுவர் விளையாட்டுத்தானே என்று ஒதுக்கிவிட முடியாதபடி, மனிதர் மற்ற மனிதரை எவ்வாறு பட்டியலிடுகின்றனர் என்பதை இக்கதை காட்டுகின்றது. ஆகவே வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இது சதுரங்கம் போலவோ தாயம் போலவோ காய் நகர்த்தி முடிக்கும் ஆட்டமன்று. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். பாழடைந்த கோட்டையையும் நிலக்கீழ்ச் சிறையையும் நடத்துநர் வருணிக்க, தாம் அங்கே என்ன செய்கிறோம் என்பதை ஆட்டக்காரர் வாய்மொழியாகச் சொல்வர். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கிய இவ்விளையாட்டு, விஸ்கொன்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 1974 ஆம் ஆண்டு வெளியாயிற்று. முதலில் அச்சானவை 1000 பெட்டிகள் மட்டுமே.

அரக்கர்கள் எங்கிருந்து வந்தனர்? கிடைத்த இடமெல்லாம் இருந்து என்பதே விடை. கிரேக்கப் புராணம், வடஐரோப்பிய நாட்டார் கதைகள், மலிவு விலை நாவல்கள், திரைப்படங்கள் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் அள்ளினர். ஹொங்கொங்கில் செய்யப்பட்டுக் கடைகளில் பைக்கணக்கில் விற்கப்பட்ட பிளாஸ்டிக் பொம்மைகளுக்குக்கூடப் பெயர் சூட்டி அரக்கர்களாக்கினார் கைகாக்ஸ். இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும் விலங்கும், ஆந்தைத் தலையோடு கூடிய கரடியும் அவ்வாறு பிறந்தவையே. ஓர்க் என்பது பழைய ஆங்கிலச் சொல்லாயினும், கூட்டங்கூட்டமாக வந்து மடியும் கொடிய போர்வீரன் என்ற உருவத்தை அதற்குத் தந்தவர் ஜே.ஆர்.ஆர். ரோல்கீன். 1958 ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் ஓர்க்கின் தோற்றத்தை விளக்க வந்த அவர், மொங்கோலிய முகச்சாயலை இழிவாக ஒப்பிட்டு எழுதினார். கற்பனை அரக்கனுக்கும் மண்ணில் நடமாடும் ஒரு மனிதக் கூட்டத்தின் முகம் ஒட்டவைக்கப்பட்டது என்பது இதனாற் புலனாகின்றது.

முதல் திருத்தம் சட்டத்தின் அழுத்தத்தால் வந்தது. ரோல்கீனின் படைப்புகளுக்கு வணிக உரிமை கொண்டிருந்தோர் ஆட்சேபிக்கவே, 1974 ஆம் ஆண்டு நூலில் இருந்த ‘ஹொபிட்’ என்ற பெயர் சில ஆண்டுகளில் ‘ஹாஃப்லிங்’ ஆயிற்று. ‘என்ட்’ என்ற நடமாடும் மரம் ‘ட்ரீன்ட்’ ஆயிற்று. உருவம் மாறவில்லை, பெயர்ப்பலகை மட்டுமே மாறியது.

1977 இல் அரக்கர் கையேடும் 1978 இல் ஆட்டக்காரர் கையேடும் தனித்தனியே வந்தபோதுதான் எல்லைக்கோடு அழுத்தமாக விழுந்தது. மனிதர், எல்ஃப், குள்ளர், நோம், ஹாஃப்லிங், அரை எல்ஃப், அரை ஓர்க் ஆகியோர் ஆடத்தக்கவர். முழு ஓர்க் கொல்லத்தக்கவன். ஒவ்வொரு பிறவிக்கும் நன்மை, தீமை என்ற ஒழுக்கச் சார்பு ஒற்றை வரியில் வழங்கப்பட்டது. ஓர்க்கின் எதிரே ‘தீயது’ என்று எழுதப்பட்டிருந்தது. தனியொரு ஓர்க் என்ன செய்தான் என்று கேட்க அங்கே இடமிருக்கவில்லை. அதே நூல் ஓர்க் குகைகளில் பெண்களும் குழந்தைகளும் இருப்பர் என்றும் கூறிற்று. அவர்களை என்ன செய்வது?

அக்கேள்வி மேசைகளில் எழாமல் இல்லை. 2005 ஆம் ஆண்டு ரசிகர்களுக்கு அளித்த பதிலொன்றில், தீய இனத்தின் எஞ்சியோரையும் அறவீரன் கொல்லலாம் என்ற கருத்துக்கு ஆதரவாகக் கைகாக்ஸ் ஒரு பழஞ்சொல்லை எடுத்தாண்டார். ஈரை விட்டுவைத்தால் நாளை அது பேனாகும் என்பது அதன் பொருள். அச்சொல்லோடு சேர்த்து வரலாறு நினைவில் வைத்திருக்கும் பெயர் கேர்ணல் ஜோன் சிவிங்டன். 1864 நவம்பரில் கொலராடோவின் சாண்ட் கிறீக் என்ற இடத்தில் செயேன், அரபாஹோ மக்களின் முகாம் மீது படை நடத்தி, 150 இற்கும் மேற்பட்டோரைக் கொன்றவர். இறந்தோரில் பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் ஆவர். விளையாட்டின் விதிக்கு நியாயம் தேடியவரின் கைக்கு எட்டியது ஓர் உண்மையான படுகொலையின் மொழி. இதற்குமேல் இதனை வெறும் கற்பனை என்பது எங்ஙனம்?

1980 களில் வேறொரு புயல் வீசியது. இவ்விளையாட்டு சாத்தான் வழிபாட்டுக்குப் பிள்ளைகளை இழுக்கிறது என்று கிறிஸ்தவ அமைப்புகளும் சில பெற்றோரும் கிளர்ந்தெழுந்தனர். 1989 இல் வந்த இரண்டாம் பதிப்பு நரகப் பேய்களின் பழைய பெயர்களை நீக்கியது. பின்னர் அவை ‘தனாரி’, ‘பாட்டேசு’ என்ற புதுப்பெயர்களோடு திரும்பின. அரை ஓர்க்கும் ஆடத்தக்கோர் வரிசையிலிருந்து அகற்றப்பட்டது. ஓர்க்கைக் கொல்வது பற்றி அன்று கிளர்ந்தோர் எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பேயின் பெயர்தான் அவர்களை உறுத்தியது.

1997 இல் விளையாட்டின் உரிமை ‘விசாட்ஸ் ஒஃப் த கோஸ்ட்’ நிறுவனத்திடம் சென்றது. 2000 ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில் பேய்களும் அரை ஓர்க்கும் மீண்டனர். அத்தோடு ஒழுக்கச் சார்பின் முன்னே ‘எப்போதும்’, ‘வழக்கமாக’, ‘அடிக்கடி’ என்ற அடைமொழிகள் சேர்ந்தன. செய்தி மேசையில் பணியாற்றிய எனக்கு இதுவே மிக முக்கியமான திருத்தமாகத் தோன்றுகின்றது. ஒரு சமூகத்தின் பெயருக்கு முன்னால் ‘சில’, ‘பல’ என்ற சொல்லை இடுவதா விடுவதா என்பது மறுநாட் காலையில் எவர் வீட்டுக் கதவு தட்டப்படும் என்பதைத் தீர்மானித்த காலங்களை எங்கள் நாடு கண்டிருக்கிறது.

மாற்றத்துக்கு வாசகர்களும் வழிசமைத்தனர். நிலத்தின் கீழ் வாழும் கருநிற எல்ஃப்களான ‘ட்ரவ்’ இனத்தார், 1978 இல் முழுத்தீயோராக அறிமுகமாயினர். ஆயின் 1988 இல் ஆர்.ஏ. சல்வடோர் எழுதிய நாவலில் வந்த ட்ரிஸ்ட் என்ற ட்ரவ் வீரன் நல்லவனாக இருந்தான். பெரும் புகழும் பெற்றான். அவனைப்போல் ஆட விரும்பிய இளைஞர் பெருகினர். 2016 இல் ஓர்க்காகவே ஆடுவதற்கு விதி தந்த துணைநூலொன்று, ஓர்க்காகப் பிறந்தவருக்கு அறிவில் இரண்டு புள்ளி குறைவு என்றது. பிறப்பால் அறிவு குறைந்த இனம் என்ற கருத்து எந்தப் பாசறையிலிருந்து வருகிறது என்பதை விளக்கத் தேவையில்லை.

2020 ஜூன் மாதம், ஜோர்ஜ் ஃபுளொயிட்டின் கொலையை அடுத்து அமெரிக்கா கொதித்துக் கொண்டிருந்த வேளையில், ஓர்க்கும் ட்ரவ்வும் சித்திரிக்கப்பட்ட விதம் உலகில் வாழும் இனங்கள் இழிவுபடுத்தப்பட்ட விதத்தை நினைவூட்டுகிறது என்று நிறுவனமே அறிவித்தது. அறிவுக் குறைப்பு நீக்கப்பட்டது. 2022 இல் வெளியான நூலொன்று, குரங்கையொத்த ‘ஹடோசீ’ என்ற மக்களுக்கு அடிமைப்பட்ட பூர்வகதையைக் கொடுத்தது. கண்டனம் எழவே, நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அப்பகுதியை அகற்றியது. அவ்வாண்டு டிசம்பரில் ‘இனம்’ என்ற சொல்லையே கைவிட்டு ‘உயிர்வகை’ என்ற பொருள்தரும் சொல்லை ஏற்பதாக அறிவித்தது. 2024 இன் ஆட்டக்காரர் கையேட்டில் பத்து உயிர்வகைகள் உள்ளன. ஓர்க் அவற்றுள் ஒன்று. பலமும் அறிவும் இப்போது பிறப்பைச் சாராது, பாத்திரம் வளர்ந்த சூழலையும் தொழிலையும் சார்ந்து கூடுகின்றன.

எதிர்ப்பு இருமுனையிலும் எழுந்தது. அரக்கனில்லாமல் வீரக்கதை ஏது என்றனர் ஒருசாரார். அரை எல்ஃப்பும் அரை ஓர்க்கும் புதிய கையேட்டில் தனிவகையாக இடம்பெறாமை, கலப்புப் பிறப்புடைய தம்மை அழித்துவிட்டதாக வேறுசிலர் வருந்தினர். பின்னையது சிந்திக்கத்தக்கது. ‘அரை’ என்ற சொல் இழிவென்று நீக்கியவர்கள், இரு உலகங்களுக்கு நடுவே வாழ்ந்த பாத்திரத்தையும் சேர்த்தே நீக்கிவிட்டனர். திருத்துவது வேறு, மறைப்பது வேறு.

இனி எம் வாசலுக்கு அருகிலுள்ள ஒன்று. 1975 முதல் இவ்விளையாட்டில் ‘ராக்‌ஷச’ என்றோர் அரக்கன் உண்டு. புலித்தலையும் பட்டாடையும் கொண்டவன். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் அவன் மடிவான் என்பது பழைய விதி. வால்மீகியிலோ கம்பனிலோ இதற்கு ஆதாரம் தேடிப் பயனில்லை. 1974 இல் ஒளிபரப்பான அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரொன்றின் பேய்க்கதையே அம்பு விதிக்குத் தாய். இராவணனின் குலத்தை இவ்வாறு அறிந்துகொண்ட அமெரிக்க இளைஞர் ஏராளம். களனி விகாரையில் அதே குலத்து விபீடணனுக்கு இன்றும் வழிபாடு நடப்பதையோ, இராவணனை நாயகனாக்கிப் புலவர் குழந்தை 1946 இல் காவியம் செய்ததையோ அவர்கள் அறிய வாய்ப்பில்லை. 2025 இன் அரக்கர் கையேட்டிலும் ராக்‌ஷச தீய பிறவியாகவே நிற்கின்றான்.

ஏன் ஓர்க் மீண்டான், ராக்‌ஷச மீளவில்லை? ஓர்க்காக அமர்ந்து ஆட விரும்பியோர் அந்த மேசையிலேயே இருந்தனர். ராக்‌ஷசவுக்காகப் பேச அங்கு எவரும் இருக்கவில்லை. இது அமெரிக்காவின் குறை மட்டுமன்று. எங்கள் மகாவம்சத்தில் இயக்கர் விரட்டப்படுகின்றனர். நாகர் அரியணைக்காகச் சண்டையிடுகின்றனர். அவர்களை மனிதக் குடிகளாகப் படிக்க வரலாற்றாசிரியர்கள் முன்வந்த பின்னரே, ‘இயக்கரும் நாகரும் இத்தீவின் ஆதிக்குடிகள்’ என்ற வாக்கியம் பாடநூலில் ஏறியது. அரக்கர் பட்டியலொன்று கையில் வரும்போது நாம் முதலிற் பார்க்க வேண்டியது அதை எழுதியவர் யார் என்பதையே. பட்டியலில் உள்ளவர்களிடம் எவராவது கேட்டார்களா என்பது அடுத்த கேள்வி.