பவுந்திரமும் புண்ணாற்றும் நெறியும்

மாந்தரை வருத்தும் நோய்களுட் சில பிறர்க்கு எளிதில் எடுத்துரைக்கப்படுவன. சில நாணத்தால் மறைக்கப்படுவன. பிந்திய வகையைச் சார்ந்தது பவுந்திரம். குதத்தின் உட்சுவரிலுள்ள நுண்சுரப்பியொன்றிற் சீழ் கட்டி, அச்சீழ் தசையினூடே வழிதேடி, ஆசனவாயின் அருகே தோலைத் துளைத்து வெளிப்படுமாயின், உள்வாய்க்கும் வெளிவாய்க்கும் இடையே ஒரு புரை நிலைத்துவிடுகின்றது. வெளிவாய் சில நாள் மூடும். நோய் நீங்கிற்றென நோயாளி மகிழ்வான். மீண்டும் வீங்கி உடையும். இப்புரையை நீக்குதற்கு மக்கள் கண்ட வழிகள் பல. அவற்றின் வரலாற்றை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். கத்தியின் வேலை சிறுபொழுதில் முடிவது. புண்ணை ஆற்றும் வேலையே நெடியது. கடல் சூழ்ந்த தீவகத்தார்க்கு இவ்வுண்மை ஏனையோரினும் மிகுதியும் பொருந்துவதாகும்.

வடமொழியிற் பகந்தரம் எனப்படும் இந்நோயைச் சுசுருத சங்கிதை, தீர்த்தற்கரிய எட்டுப் பெருநோய்களுள் ஒன்றாக எண்ணுகின்றது. ஐந்து வகையாகப் பகுத்துச் சிகிச்சையும் கூறுகின்றது. காரம் ஏற்றிய நூலைப் புரையினுட் செலுத்தும் முறையும் அதன்கண் உண்டு. பதினோராம் நூற்றாண்டினதான சக்கரதத்தம், கள்ளிப்பாலும் மஞ்சட்பொடியும் பூசி அந்நூலை ஆக்கும் விதத்தை உரைக்கின்றது. கிரேக்க நாட்டிலும் இப்போக்கிரதீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில், நார்நூலோடு குதிரைமயிரைச் சேர்த்துப் புரையிற் கோத்து, நாள்தோறும் இறுக்கிவரும் முறை சொல்லப்படுகின்றது. நூல் தசையை மெல்ல அறுக்கும். அறுபட்ட இடம் அதன் பின்னே ஆறிவரும். மலத்தை அடக்கும் சுருக்குத்தசை ஒருங்கே அறுபட்டு, அடக்குந்திறன் கெட்டுவிடாமைக்கு இம்மெதுநெறி அரணாயிற்று.

ஈழத்துத் தமிழரும் இந்நோயை அறியாதாரல்லர். யாழ்ப்பாணத்து அரசர் காலத்தில் எழுந்ததெனக் கருதப்படும் பரராசசேகரம் என்னும் வைத்தியநூல், பவுந்திரத்தைத் தனித்தெடுத்துக் கூறுவதோடு சத்திரவிதியையும் வகுத்துரைக்கின்றது. ஏடுகளிற் கிடந்த அந்நூலை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிற் பல பாகங்களாக அச்சேற்றி அழியாது காத்தார்.

மேனாட்டிற் கத்திமுறை பெயர்பெற்றமைக்கு ஓர் அரசனின் நோயே காரணமாயிற்று. பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயிக்கு 1686 நவம்பர் 18இற் பெலிக்ஸ் என்னும் சத்திரவைத்தியர் புரையைப் பிளந்து சிகிச்சை செய்தார். மன்னனைத் தொடுமுன் அவர் ஏழைகள் பலர்மீது தம் கைத்திறனைப் பழகினார் என்பது வரலாறு. அரசனெனினும் ஒருமுறை பிளந்ததோடு அவனுக்கு நோய் தீரவில்லை. புண் செவ்வனே ஆறுதற்பொருட்டு டிசம்பரில் மீண்டும் கத்தியிட நேர்ந்தது. 1687இன் தொடக்கத்திலேயே அவன் நலமெய்தினான். மன்னனுக்குக் கிடைத்த கவனம் வறியவர்க்கும் கிடைத்தல் வேண்டுமென்னும் கருத்து வலுப்பெற நெடுங்காலம் சென்றது. 1835இற் பிரடெரிக் சால்மன் இலண்டனில் இத்தகைய நோயுற்ற ஏழைகளுக்கெனத் தனி வைத்தியசாலை நிறுவினார். அதுவே பின்னர் சென் மார்க் வைத்தியசாலையெனப் புகழ்பெற்றது.

யாழ்ப்பாணத்தில் மேனாட்டுச் சத்திரவைத்தியத்தைத் தமிழர் கைக்கொள்ளச் செய்தவர் அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் இங்கு வந்த அவர், மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியராக்கினார். 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். டுரூயிற் என்பாரின் ஆங்கில நூல் இரணவைத்தியம் என்னும் பெயரில் 1867இல் தமிழில் வெளிவந்தது. அதே ஆண்டிலேயே புண் சீழ்க்கொள்ளாது காக்கும் தமது முறையை யோசப் லிஸ்ரர் உலகுக்கு வெளியிட்டார். தமிழிற் கற்ற வைத்தியர் தம் ஊர்களிற் பணிபுரிவர் என்பது கிறீனின் எண்ணம். புண்ணை எவ்வாறு பேணுவதென்பதை நோயாளிக்கு அவன் மொழியிலேயே விளக்குதல் சிகிச்சையின் ஒரு பாதியாகும் என்பதை நோக்கின், அவ்வெண்ணத்தின் பெருமை நன்கு விளங்கும்.

இனிப் புண்ணாறும் விதத்தை நோக்குவாம். புரையைப் பிளந்தபின் அப்புண்ணைத் தையலிட்டு மூடாது திறந்தே விடுவர். அது அடியிலிருந்து புதுத்தசை முளைத்து மேனோக்கி நிரம்புதல் வேண்டும். மேற்றோல் முந்திக் கூடிவிடின் உள்ளே பள்ளம் எஞ்சும், ஆங்குச் சீழ் தங்கும், நோய் மீளும். ஆதலின் நாள்தோறும், மலங்கழித்த பின்னரும், இளவெந்நீரிற் சிறிது நேரம் அமர்ந்து கழுவுதலும், தூய மருந்துத்துணி இடுதலும், நீரும் கீரையும் பழமும் நிரம்ப உட்கொண்டு மலம் இறுகாது காத்தலும் இன்றியமையாதன. நீரிழிவுடையார்க்குப் புண் ஆறுதல் தாமதிக்கும். அவர் சர்க்கரையைக் கட்டுப்படுத்தல் வேண்டும். காய்ச்சலும் மிகுவலியும் சீழ்ப்பெருக்கும் தோன்றின் உடனே வைத்தியரை நாடல் வேண்டும்.

பழைய காரநூல் முறையும் மறைந்தொழிந்ததன்று. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் அது புத்துயிர் பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1991இல் வெளியிட்ட ஒப்பாய்வின்படி, ஓராண்டினுள் நோய் மீண்டோர் கத்திமுறையில் நூற்றுக்கு 11 பேரும், காரநூல் முறையில் 4 பேருமாவர். ஆயின் ஆறுதற்குக் கத்திமுறையில் ஏறக்குறைய 4 வாரமும் காரநூலில் 8 வாரமும் சென்றன. எம்முறையாயினும் வாரக்கணக்கான பேணுகை தவிர்க்கவொண்ணாதது என்பதே இதனாற் பெறப்படும்.

இவ்வாரங்களே தீவகத்தார்க்குச் சோதனைக்காலம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் குறிகட்டுவான் துறையிற் படகேறுவர். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரக் கடற்பயணம்; சோளகமோ வாடையோ மிக்கு வீசும் நாளில் அதுவும் தடைப்படும். ஆறாப் புண்ணோடு படகின் பலகையில் அமர்ந்து அலைப்புண்பது எளிதன்று. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிற் சத்திரசிகிச்சை பெற்றவன், மருந்து கட்டுதற்கு மீண்டும் மீண்டும் கடல் கடத்தல் இயலுமோ? இயலாதவிடத்து, மேலே மூடிய புண்ணைக் கண்டு ஆறிற்றெனக் கருதி விட்டுவிடுவான். நெடுந்தீவிற் கிணறுகள் பல உவர்நீரின. உவர்நீர் தானே மருந்தாகுமென்று அதனை அவ்வாறே பயன்படுத்தலும் தவறு. கொதித்தாறிய தூயநீரே போதும்.

ஊர்காவற்றுறையில் ஆதார வைத்தியசாலையும், வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் வைத்தியசாலைகளும் உள. புண்ணைப் பேணுதற்குப் பெருங்கருவிகள் வேண்டா. பழகிய தாதியின் கையும், தூய துணியும், சத்திரவைத்தியர் எழுதிய தெளிவான குறிப்பும் அமையும். இவை நோயாளியின் ஊரிலேயே கிடைப்பின் கடல் தடையாகாது. ஆயின் அவன் நாணத்தை விடுத்து அங்கே செல்லல் வேண்டும். மன்னன் ஒருவனும் சிகிச்சை பெற்ற நோயை மக்கள் மறைத்து வருந்துவதேன்? புரையை மறைத்தலும் புண்ணை மேலே மூடவிடலும் ஒன்றே. இரண்டினும் நோய் உள்ளேயே தங்கிவிடுகின்றது. அடியிலிருந்து ஆறுவதே ஆறுதல் என்பது ஈராயிரம் ஆண்டு வைத்திய வரலாறு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.