வீட்டு வாசல் கான்கிரீட் தளம்

தெருவிலிருந்து வண்டி நிறுத்துமிடம் வரை போடும் கான்கிரீட் பாதை. கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இதன் ஆயுளை முதலில் தீர்மானிப்பது அடிமண்தான். கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கித் தளத்தைப் பிளந்துவிடும்; அதைத் தோண்டி அகற்றி, கிராவல் கொட்டி, நனைத்துத் திமிசு போட வேண்டும். இந்தச் செலவில் கை வைக்கவே கூடாது. காருக்கு 4 அங்குலக் கனம் போதும். டிராக்டர் ஏறுமானால் கம்பி கட்டி 6 அங்குலம். கலவை எம்20, அதாவது 1:1.5:3. ஏறத்தாழ 10 அடிக்கு ஒரு வெட்டு விட்டால் விரிசல் கண்டபடி ஓடாது.

கல்வராயன் மலைச்சரிவில் மழைநீரே பெரிய சோதனை. பாதையின் மேல்பக்கம் குறுக்கு வாய்க்கால் வேண்டும். ஈரம் காயுமுன் துடைப்பத்தால் கீறிச் சொரசொரப்பாக்க வேண்டும். வழவழப்பான தளம் அங்கே ஆபத்து. குறைந்தது 7 நாள் ஈரச்சாக்கு போர்த்தி நீராற்றுவது அவசியம். தெருச் சாக்கடையை அடைத்துச் சாய்தளம் நீட்டாதீர்கள். அடுத்த மழையில் தண்ணீர் அண்டை வீட்டுக்குள் புகும்.